லட்சமாவது மனு

இல்ல தம்பி, நீங்க தாராளமா உட்காருங்க. நான் உட்கார மாட்டேன். கால்வலியா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேண்டுதலும் இல்ல. இந்த நிழற்குடைக்குள்ள நான் காலை வைக்கிறதா இல்ல, அவ்வளவுதான். பெஞ்சு புதுசு, நல்லா வழுவழுன்னு இருக்கும், உட்காருங்க. அது என்ன, மருந்து கம்பெனிப் பையா? மடியில வச்சுக்கோங்க, கீழ வச்சா எறும்பு ஏறிடும். பன்னெண்டாம் நம்பர் பஸ்ஸுக்குத்தானே நிக்கிறீங்க? பதினொண்ணே காலுக்கு வரணும், பதினொண்ணே முக்காலுக்குத்தான் வரும். நாலு வருஷமா குறிச்சு வச்சிருக்கேன்.

அங்க பார்க்காதீங்க. அந்தக் கோடியில வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் மண்டை காய வெயில்ல நிக்கிறார்ல, அவரைத்தான் பார்க்காதீங்கங்கிறேன். பார்த்தா பேச வந்துட்டாருன்னு நினைச்சுக்குவார். அவர் பேரு அம்பலவாணன். சர்வே டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த ஊர் நகராட்சிக்கு மனு போடுறதுல நான் ஒண்ணாவது ஆளு, அவர் ரெண்டாவது. அவரைக் கேட்டா மாத்திச் சொல்வார், கேட்காதீங்க.

நான் யாரா? மரகதவல்லி. டெலிபோன் மரகதம்னு கேட்டா கீழச்சாலையூர்ல சின்னக் குழந்தை கூட வீட்டைக் காட்டும். முப்பத்து மூணு வருஷம் இந்த ஊர் எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்து லைன் கொடுத்தவ. மூணு இலக்க நம்பர் இருந்த காலத்துலேர்ந்து. ஜவுளிக்கடை 214, ரைஸ் மில் 308, டாக்டர் வீடு 117. இன்னும் மறக்கல பாருங்க. நம்பர்னா எனக்கு உயிரு. இந்த ரெண்டு குடை இருக்குல்ல, பிடியில பாருங்க, ஒண்ணு, ரெண்டுன்னு பெயின்ட்ல எழுதியிருப்பேன். ஒண்ணாம் நம்பர் எனக்கு. ரெண்டாம் நம்பர் எதுக்குன்னு சொல்றேன், இருங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, இதே ஸ்டாப்பு, இதே மாதிரி ஒரு செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமைன்னா எதிர் ஆஸ்பத்திரியில பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பரிசோதனை. அப்போ இங்க நிழலுன்னு பேருக்குக் கூட ஒண்ணும் கிடையாது. ஏழு மாசப் பொண்ணு ஒருத்தி, பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே இருந்தவ, அப்படியே சரிஞ்சு என் மேல விழுந்தா. நானும் அவளுமா ரோட்டுல உட்கார்ந்துட்டோம். என் சேலையை வச்சு அவ முகத்துக்கு நிழல் பிடிச்சேன். கண்ணைத் திறந்து, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு என்னைக் கேட்டா தம்பி. எனக்கு என்ன தெரியும்? எனக்கு அழுகை வந்துடுச்சு. ஒண்ணும் ஆகல, அந்தப் பிள்ளை இப்ப எல்.கே.ஜி. போகுது. ஆனா அன்னைலேர்ந்து செவ்வாய் தவறாம ரெண்டு குடையோட வந்து இங்க நிப்பேன். ரெண்டாம் நம்பர் குடை வயித்துல பிள்ளையோட நிக்கிறவங்களுக்கு.

குடை பிடிச்சா போதுமா? கூரை வேணும்ல. அதுக்குத்தான் மனு போட ஆரம்பிச்சேன். நகராட்சிக்கு ஒரு இணையதளம் இருக்கு. பேரு, விலாசம், கோரிக்கை எல்லாம் அடிச்சு 'சமர்ப்பி'ன்னு ஒரு பொத்தானை அமுக்கினா, 'உங்கள் மனு எண் இன்னது'ன்னு நம்பர் வரும். ஆகா, நம்பர் வந்துச்சுன்னா எனக்கு அன்னைக்குச் சோறே வேண்டாம். நிழற்குடைக்கு மட்டும் பதினோரு மனு. பதினொண்ணுக்கும் ஒரே பதில். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' பதினோரு தடவை! பரிசீலனையிலேயே எனக்கு மூட்டு தேய்ஞ்சு போச்சு.

அதுல ஒரு கூத்து கேளுங்க. ஆறாவது மனுவோட, வெயில்ல நிக்கிற பொம்பளைங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். 'கோப்பின் அளவு அதிகம், மனு ஏற்கப்படவில்லை'ன்னு வந்துச்சு. போட்டோவைச் சின்னதாக்கி மறுபடி அனுப்பினேன். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி நான் போட்ட மனு 71,402. இப்ப வந்த நம்பர் 71,404. நடுவுல இருந்த 71,403 எங்க? எனக்குத் தூக்கம் போச்சு. எங்க எக்ஸ்சேஞ்ச்ல ஒரு டிரங்க் கால் ரத்தானாக் கூட அந்தச் சீட்டுல ரத்துன்னு எழுதிக் கட்டுல சேர்த்து வைப்போம். சீட்டு குறைஞ்சா சூப்பர்வைசர் உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவார். இவங்க என்னடான்னா ஒரு நம்பரை முழுங்கிட்டு ஏப்பம் கூட விடல. உடனே '71,403 எங்கே?'ன்னு தனியா ஒரு மனு போட்டேன். பதில் உங்களுக்கே தெரியுமே. பரிசீலனையில் உள்ளது.

நேரா நகராட்சி ஆபீசுக்கே போயிட்டேன். அங்க கம்ப்யூட்டர் பார்க்கிறது முபாரக்குன்னு ஒரு பிள்ளை. ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனா முகம் இன்னும் பரீட்சை எழுதப் போற முகமாத்தான் இருக்கும். உட்கார வச்சு விளக்கினான். "அம்மா, டேட்டாபேஸுக்குள்ள சீக்வென்ஸுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு நம்பர் கொடுக்கிறது ஒண்ணுதான் வேலை. டாக்டர் கிளினிக்ல டோக்கன் கிழிச்சுக் கொடுக்கிறார்ல கம்பவுண்டர், அந்த மாதிரி. டோக்கன் வாங்கினவர் டாக்டரைப் பார்க்காம வீட்டுக்குப் போயிட்டா, கம்பவுண்டர் அந்த டோக்கனை ஒட்டி இன்னொருத்தருக்குக் கொடுப்பாரா? மாட்டார். அடுத்ததைக் கிழிப்பார். உங்க மனு நம்பரை வாங்கிடுச்சு. அப்புறம்தான் போட்டோ பெருசுன்னு மனுவைத் தள்ளிடுச்சு. மனு போச்சு, நம்பர் திரும்பாது. ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் வரக் கூடாது, அதான் முக்கியம். நடுவுல ஓட்டை விழுந்தா அதுக்குக் கவலை இல்லம்மா"ன்னான்.

கவலை இல்லையாம்! நம்பர் கொடுக்கிறதுக்குன்னே ஒண்ணை வேலைக்கு வச்சு, அதுக்கு ஓட்டை விழுந்தா கவலை இல்லையாம். நான் அப்பவே சொன்னேன், இது ஒரு நாள் ஊரையே கவுத்துடும்னு.

கவுத்துச்சு. இந்தச் சித்திரையில நடந்தது. எங்க சேர்மன் அம்மா ஒரு கூட்டத்துல மைக்கைப் பிடிச்சு அறிவிச்சுட்டாங்க. "நமது நகராட்சி இணையதளத்துக்கு லட்சமாவது மனு வரப் போகிறது. அந்த மனு எதுவாக இருந்தாலும் இருபத்து நாலு மணி நேரத்தில் நிறைவேற்றப்படும். மனுதாரருக்கு மேடையில் பொன்னாடை!" அப்போ நம்பர் தொண்ணூத்து ஏழாயிரத்துல நிக்குது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு தம்பி. பொன்னாடையை யார் கேட்டா? வீட்டுல பீரோ நிறைய சால்வை கிடக்கு. இருபத்து நாலு மணி நேரத்துல நிழற்குடை! பதினோரு பரிசீலனைக்கும் சேர்த்து ஒரே அடி. இந்த லட்சம் எனக்குத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அந்தக் கூட்டத்துல ரெண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து இவரும் அதையே முடிவு பண்ணியிருக்கார். இவருக்கு என்ன குறைன்னு கேளுங்க. இவர் வீடு தேர்முட்டிச் சந்துல. அந்தச் சந்துக்குப் பேர்ப்பலகை இல்ல. தபால்காரர் மாறினா கடிதாசி வேற சந்துக்குப் போயிடுது, மக அனுப்புற பார்சல் பக்கத்து வார்டுல போய் உட்கார்ந்துக்குது. ஊரையே அளந்த மனுஷன், தன் சந்துக்கு ஒரு பலகை வாங்க முடியல. ஆறு வருஷமா மனு போடுறார். அதுவும் பரிசீலனைதான். பாவம்தான், இல்லைங்கல. ஆனா பலகையும் கூரையும் ஒண்ணா? நீங்களே சொல்லுங்க.

எனக்கு வீட்டுல கம்ப்யூட்டர் கிடையாது. பஜார்ல ரோஸ்லின்னு ஒரு பொண்ணு பிரவுசிங் சென்டர் வச்சிருக்கா. மூணே மூணு மெஷின். ஒண்ணாவது மெஷின் என்னோடது. ரெண்டாவதுல இவர் வந்து உட்கார ஆரம்பிச்சார். ரெண்டு மாசம் தம்பி! காலையில பத்து மணிக்கு நான் போவேன், எனக்கு முன்னாடி இவர் உட்கார்ந்திருப்பார். ஒன்பதே முக்காலுக்குப் போனா ஒன்பதரைக்கே உட்கார்ந்திருப்பார். "வணக்கம் மேடம், நம்பர் எங்க நிக்குது?"ன்னு சிரிப்பு வேற. சில நாள் எனக்கும் சேர்த்து டீ சொல்லி வச்சிருப்பார், சர்க்கரை கம்மியா. எனக்குச் சர்க்கரை கம்மின்னு யார் சொன்னது இவருக்கு? வேவு பார்க்கிறார்! நான் குடிப்பேன், ஆனா முகத்தை இறுக்கி வச்சுக்கிட்டுக் குடிப்பேன்.

நம்பர் எங்க நிக்குதுன்னு தெரியணும்னா ஒரு மனு போட்டுத்தான் பார்க்கணும். அதனால தினம் ஒண்ணு ரெண்டு ஒப்புக்கு மனு போடுவோம். எதையாவது கேட்கிறதுதான். நகராட்சிப் பூங்காவுல சிமென்ட் சிங்கம் இருக்குல்ல, அதுக்குக் கீழ்த்தாடை இல்ல, வச்சுக் கொடுங்கன்னேன். நூலகத்துல மின்விசிறி சுத்தும்போது 'கிரீச்' 'கிரீச்'னு என்னையே கூப்பிடுற மாதிரி இருக்குன்னு ஒரு மனு. இவர் மனுவெல்லாம் சாய்வு பத்தித்தான். கொடிக்கம்பம் ஒன்றரை டிகிரி சாஞ்சிருக்கு, தண்ணித் தொட்டி முக்கால் டிகிரி சாஞ்சிருக்கு. இவர் கண்ணுக்கு ஊரே சாஞ்சுதான் தெரியும், தலையைச் சாய்ச்சுப் பார்த்தா அப்படித்தான் தெரியும்.

அந்த நாள் வந்துச்சு. ஆனி மாசம், வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குப் பாராட்டு விழான்னு நகராட்சி முன்னாடி பேனரே கட்டிட்டாங்க. 'லட்சமாவது மனுதாரரே வருக!' போட்டோ போடுற இடத்துல மட்டும் வெள்ளையா ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்துட்டுத்தான் ரோஸ்லின் கடைக்குப் போனேன். தலையில பூ வச்சிருந்தேன், போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு.

பத்து மணிக்கு ஒண்ணு போட்டுப் பார்த்தேன். 99,981. நிழற்குடை மனுவை முந்தின நாளே பேப்பர்ல அழகா எழுதி எடுத்துட்டு வந்து மேஜையில வச்சிருந்தேன். லட்சம் வரும்போது அப்படியே பார்த்து அடிக்கணும்னு. 'ஒரு பெண் என்ற முறையில் நான் வேண்டிக்கொள்வது'ன்னு ஆரம்பம். படிச்சா கல்லும் கரையும்.

அதுவரைக்கும் அதே பழைய சிங்கம், கொடிக்கம்பம்னு ஒப்புக்கு மனு. நான் ஒண்ணு போட, இவர் ஒண்ணு போட, நடுவுல ஊர்க்காரங்க மூணு பேர் வந்து விழுந்துட்டாங்க. இதுக்கு நடுவுல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இந்த மனுஷன் எதுக்கு உட்கார்ந்திருக்கார்? பலகைக்குத்தானே? அந்தப் பலகையை நானே கேட்டுட்டா? 'உங்க வேலை முடிஞ்சுது சார், எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லிடலாம்ல? அடிச்சேன். 'தேர்முட்டிச் சந்துக்குப் பெயர்ப்பலகை வேண்டும்.' 99,993. அது உபகாரம் தம்பி. போட்டிதான், ஆனாலும் மனசாரப் பண்ணின உபகாரம். சொல்லிக் காட்டலாம்னு திரும்பினேன், அதுக்குள்ள வேற வேலை வந்துடுச்சு.

என்ன வேலைன்னா, நம்பர் 99,996-ல வந்து நின்னுடுச்சு. இப்ப கணக்கைப் பாருங்க. நான் போட்டா ஏழு. இவர் போட்டா எட்டு. நான் ஒன்பது. அடுத்தது இவர், லட்சம்! அப்போ நான் முதல்ல போடக் கூடாது. இவர் முதல்ல போட்டா லட்சம் எனக்கு. அதனால இவரும் போட மாட்டார். ரெண்டு பேரும் எலி மேல கையை வச்சுக்கிட்டு, வெறுமனே உட்கார்ந்திருக்கோம். இருபது நிமிஷம். ஃபேன் சுத்துது. ரோஸ்லின் வந்து, "ஆன்ட்டி, உயிரோடதானே இருக்கீங்க?"ன்னு கேட்டா. "மேடம், நீங்க முதல்ல போடுங்க"ங்கிறார் இவர், பெரிய மனுஷன் மாதிரி. "நீங்க போடுங்க சார், வயசுல மூத்தவர்"னேன். "உங்களை விட நான் எட்டு மாசம் சின்னவன்"ங்கிறார். என் வயசு வரைக்கும் விசாரிச்சு வச்சிருக்கார் பாருங்க!

இதுக்குள்ள ஊர் முழுக்கச் செய்தி பரவி, ஒவ்வொரு செல்போன்லயும் அந்தத் தளத்தைத் திறந்து வச்சுக்கிட்டு எல்லாரும் அமுக்கு அமுக்குன்னு அமுக்குறாங்க. தளம் நின்னு போச்சு. திரையில ஒரு வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எனக்குப் பொறுக்குமா? முப்பத்து மூணு வருஷம் லைன் பார்த்தவ நான். எதுவும் சிக்கிக்கிட்டா ஒரே வைத்தியம், அணைச்சுத் திரும்பப் போடுறது. முபாரக்குக்குப் போன் போட்டேன். "முபாரக், மெஷினை அணைச்சுப் போடுப்பா"ன்னேன். "வேண்டாம்மா, கொஞ்சம் பொறுங்க, தானா சரியாயிடும்"னான். ரெண்டாவது தடவை போட்டேன். மூணாவது தடவை சத்தம் போட்டேன். "நான் எக்ஸ்சேஞ்ச்ல இருந்தவ, எனக்குச் சொல்லித் தர்றியா? அணைச்சுப் போடு!" அப்புறம்தான் அணைச்சுப் போட்டான்.

அணைஞ்சு உசிர் வந்துச்சு. தளம் திறந்துச்சு. யோசிக்கவே இல்ல, சும்மா ஒரு மனு போட்டுப் பார்த்தேன். 97 வரணுமா இல்லையா? வந்துச்சு பாருங்க ஒரு நம்பர்.

1,00,002.

"லட்சம் எங்கடி?"ன்னு ரோஸ்லினைக் கேட்கிறேன். அவ என்ன பண்ணுவா பாவம்? இவரும் எட்டிப் பார்த்துட்டு, "மேடம், லட்சம் போச்சே"ங்கிறார். அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டு நகராட்சிக்கு ஓடினேன், பின்னாடியே இவரும் ஓடி வர்றார். முபாரக்கு நெத்தியில கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். "அம்மா, அந்தக் கம்பவுண்டர் ஒவ்வொரு டோக்கனா கிழிச்சா நேரமாகும்னு இருபது இருபதா முன்கூட்டியே எடுத்துக் கையில வச்சுக்குவார். 99,981-லேர்ந்து லட்சம் வரைக்கும் கையில இருந்துச்சு. பதினாறு கொடுத்தாச்சு. மெஷினை அணைச்சதும் கையில மிச்சம் இருந்த நாலும் போச்சு. திரும்ப வந்தவர் அடுத்த இருபதை எடுத்துட்டார். அது ஒரு லட்சத்து ஒண்ணுலேர்ந்து ஆரம்பம்"னான். அப்போ லட்சம் யாருக்குன்னு கேட்டேன். "யாருக்கும் இல்லம்மா. இனி எப்பவும் வராது"ன்னான்.

எவனோ ஒருத்தன் மெஷினை அணைக்கப் போயி என் லட்சம் போச்சு தம்பி. என்ன பார்க்கிறீங்க? நானா? நான் சொன்னது லைனை அணைக்க. அவன் அணைச்சது டோக்கன் வச்சிருந்த மெஷினை. சொன்னதைச் சரியா செய்யத் தெரியணும்ல? போகட்டும், நல்ல பிள்ளை, அந்தப் போன் விஷயத்தை யார்கிட்டயும் அவன் சொல்லல.

இன்னொரு கூத்தும் அப்பத்தான் வெளியில வந்துச்சு. நம்பர்தான் லட்சமாம், மனு அறுபத்தோராயிரம்தானாம். மிச்சமெல்லாம் ஓட்டை. ஊர்ல ஆளாளுக்குக் குப்பைத் தொட்டியைப் பெரிய போட்டோவா எடுத்து அனுப்பி, அது திரும்பித் திரும்பி விழுந்த ஓட்டை. அப்போ விழா எதுக்குன்னு கேளுங்க. பேனர் கட்டியாச்சே! பந்தல் போட்டாச்சு, மைக் செட் வந்தாச்சு, நாயனக்காரர் வந்து உட்கார்ந்தாச்சு.

மேடையில சேர்மன் அம்மா கையில ஒரு சீட்டைக் கொடுத்துட்டாங்க. லட்சத்துக்கு அப்புறம் முதல் மனு எதுவோ அதையே வச்சுக்கலாம்னு யாரோ யோசனை சொல்லியிருக்காங்க. அது 1,00,001. அது யாரோடது? மெஷின் உசிரோட வந்துச்சான்னு பார்க்க முபாரக்கே போட்ட மனு. அந்த அம்மா கம்பீரமா எந்திரிச்சு வாசிக்கிறாங்க. "மனுதாரர் பெயர், சோதனை. விலாசம், சோதனை. கோரிக்கை, சோதனை சோதனை." மைக் செட்டுக்காரர் கீழேர்ந்து கட்டை விரலைத் தூக்கி, "நல்லா கேட்குதும்மா, பேசுங்க"ங்கிறார். கூட்டம் கை தட்டுது. முபாரக்கை இழுத்துட்டு வந்து பொன்னாடையைப் போர்த்தினாங்க. அவன் அழாத குறை. கோபத்துல இருந்த எனக்கே சிரிப்பை அடக்க முடியல. பக்கத்துல பார்த்தா இவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார், கண்ணுல தண்ணி. அவர் சிரிக்கிறதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு. ரெண்டு மாசத்துல அந்த ஒரு அஞ்சு நிமிஷம்தான் இவரை எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

ஊரே சிரிச்சதும் சேர்மன் அம்மாவுக்கு ரோஷம் வந்துடுச்சு. அந்த இடத்துலயே அறிவிச்சாங்க. "லட்சத்தை ஒட்டி வந்த கடைசிப் பதினாறு மனுக்களும் ஒரு மாதத்துக்குள் நிறைவேற்றப்படும்!" சொன்ன மாதிரியே செஞ்சும் போட்டாங்க. பூங்கா சிங்கத்துக்குத் தாடை வந்துடுச்சு. கொஞ்சம் பெரிய தாடை, இப்ப அது வர்றவங்க போறவங்களைப் பார்த்து இளிச்சுக்கிட்டு நிக்குது. கொடிக்கம்பம் நிமிர்ந்துடுச்சு.

அந்தப் பதினாறுல என் நிழற்குடை மனு எங்க இருக்கும்? நான்தான் அதை லட்சத்துக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே, போடவே இல்லையே! அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

ஒரு மாசம் கழிச்சு இந்தப் பக்கம் வர்றேன், நிழற்குடை நிக்குது. பச்சைத் தகரம், பெஞ்சு, எல்லாம். ஓடி வந்து கல்வெட்டைப் படிக்கிறேன். உங்க தலைக்கு மேல பாருங்க. படிங்க, சத்தமா படிங்க. 'மனு எண் 99,991. மனுதாரர், ப. அம்பலவாணன்.'

புரியுதா உங்களுக்கு? நான் நடுவுல தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போனப்போ, மேஜையில இருந்த என் பேப்பரைப் பார்த்து அப்படியே அடிச்சிருக்கார்! ஒரு எழுத்து மாத்தல. நகராட்சி அவருக்கு அனுப்பின உத்தரவை ரோஸ்லின் எனக்குக் காட்டினா. 'திரு. அம்பலவாணன் அவர்களுக்கு, ஒரு பெண் என்ற முறையில் தாங்கள் வேண்டிக்கொண்டபடி'ன்னு ஆரம்பிக்குது. திருட்டு தம்பி, பட்டப்பகல் திருட்டு. நான் எந்திரிச்சு வீட்டுக்குப் போகட்டும்னுதானே, என் வேலையை முடிச்சு விடுறதுக்குத்தானே பண்ணியிருக்கார்? என்ன ஒரு சூழ்ச்சி! நான் பண்ணின உபகாரம் எங்க, இவர் பண்ணின திருட்டு எங்க?

என்ன சிரிக்கிறீங்க? ரெண்டும் வேற வேற தம்பி. உங்களுக்குச் சொன்னா புரியாது.

தேர்முட்டிச் சந்துக்கும் பலகை வந்துடுச்சு. நீலக் கலர், கீழ 'மனுதாரர், கி. மரகதவல்லி'ன்னு போட்டிருக்கு. அதைப் பார்த்துட்டு இவர் என்ன பண்றார் தெரியுமா? தினம் காலையில ஈரத் துணி வச்சு அந்தப் பலகையைத் துடைக்கிறாராம். ரோஸ்லின் சொல்றா. என் பேரை அழிக்கப் பார்க்கிறார்! பெயின்ட்டாச்சே, அவ்வளவு சுலபத்துல போகுமா? துடைக்கத் துடைக்க பளபளன்னுதான் ஆகும்.

உள்ள உட்கார்ந்திருக்காளே அந்தப் பச்சைச் சேலை, எட்டு மாசம் இருக்குமா? வயித்துல கையை வச்சுக்கிட்டு எப்படி நிம்மதியா சாஞ்சிருக்கா பாருங்க. உட்காரட்டும், மகராசியா உட்காரட்டும். அவளுக்காகத்தானே கேட்டேன். செவ்வாய்க்குச் செவ்வாய் இதைப் பார்க்கத்தான் வர்றேன், பஸ் ஏறவா வர்றேன்? அவ நிழல்ல உட்கார்ந்தா என் வயிறு குளிருது. ஆனா நான் உட்கார மாட்டேன். இந்தக் கூரை அவர் பேர்ல இருக்கு.

அவரா? அவர் ஏன் உட்காரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவர் பேர்லதானே இருக்கு, உள்ள போய் காலை நீட்டிப் படுக்கட்டுமே. மாட்டார். நான் வந்து நின்ன அஞ்சாவது நிமிஷம் அந்தக் கோடியில வந்து நிப்பார். நான் போற வரைக்கும் நிப்பார். குடையும் கொண்டு வர மாட்டார். என்னைக் குத்திக் காட்டுறாராம். திமிரைப் பாருங்களேன்! மண்டை எப்படிச் சிவந்து போயிருக்கு பாருங்க. அன்னைக்கு அந்தப் பொண்ணு விழுந்தாளே, அந்த மாதிரி விழுந்து வைக்கப் போறார். அப்புறம் அவரை யார் தாங்குறது? நான்தான் தாங்கணும்.

தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. பஸ் வர இன்னும் நேரம் இருக்கு. இந்த ரெண்டாம் நம்பர் குடையைக் கொண்டு போய் அவர்கிட்ட கொடுத்துட்டு வந்துடுங்க. நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க. யாரோ விட்டுட்டுப் போனதுன்னு சொல்லுங்க. ஆமா, நம்பர் எழுதியிருக்குதான். இருந்தா என்ன, ஊர்ல நான் ஒருத்திதான் குடைக்கு நம்பர் போடுறேனா? போங்க, போங்க.

கொடுத்தீங்களா? வாங்கிக்கிட்டாரா? ஏன் விரிக்காம கையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறார், விரிக்கத் தெரியாதா? என்ன சொன்னார்?

திரும்பச் சொல்லுங்க.

'அவங்க உள்ள வந்து உட்கார்ந்தா நானும் உட்கார்றேன், இல்லேன்னா ரெண்டு பேருமே நிப்போம், அது அவங்க எழுதின மனு, அவங்க உட்காராம நான் எப்படி உட்கார்றது?' இப்படியா சொன்னார்? உங்ககிட்டயா? ஒரு வார்த்தை விடாமச் சொன்னீங்களா?

ம்.

அதோ பன்னெண்டாம் நம்பர் வந்துடுச்சு. மணி என்ன? பதினொண்ணே முக்கால், நான் சொன்னேன்ல. நீங்க ஏறுங்க தம்பி. ஏறுறதுக்கு முன்னாடி போற போக்குல அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. உங்க மனு வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க. மனு எண் ஒண்ணு, பரிசீலனையில் இருக்கு.